மழைக்கும் வேகத்தின் அலகுதான்

மலேசியாவின் பினாங்கில், பிறை என்னும் ஊரில், என் வீட்டு முன்கூடத்தில் செவ்வாய், வியாழன் மாலைகளில் நான்காம் படிவப் பிள்ளைகள் ஆறு பேர் இயற்பியல் படிக்க வருகிறார்கள். சென்ற அக்டோபரில் ஒரு நாள், பயிற்சி நூலிலிருந்து மிகச் சாதாரணமான கேள்வி ஒன்றைக் கொடுத்தேன். பின்வருவனவற்றுள் திசைவேகத்தின் அலகு எது? மீட்டர், மீ/வி, மீ/வி², கி.கி. மீ/வி என நான்கு விடைகள். ஐந்து பேர் இரண்டாவதை வட்டமிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் பென்சிலைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். குனிந்து பார்த்தேன். அவளும் இரண்டாவதைத்தான் வட்டமிட்டிருந்தாள். ஆனால் ஓரத்தில் பொடி எழுத்தில், "லாஜுவுக்கும் இதுதானே?" என்று எழுதியிருந்தாள். லாஜு என்றால் மலாயில் வேகம்.

இருபத்தெட்டு ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள் நான். எத்தனையோ முறை, எத்தனையோ வகுப்புகளில், "அலகைப் பார், ஆளைத் தெரிந்துகொள்" என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளும் அதை ஒரு மந்திரம்போலப் பிடித்துக்கொண்டு தேர்வில் மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். அன்று அவளுக்கு, "ஆமாம், இரண்டுக்கும் ஒரே அலகுதான், திசை மட்டும்தான் வேறுபாடு" என்று வழக்கமான பதிலைச் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். ஆனால் பாத்திரம் துலக்கும்போதும், விளக்கணைத்துப் படுத்த பிறகும், அந்த ஓரக்குறிப்பு என்னை விடவில்லை. லாஜுவும் ஹலாஜுவும், அதாவது வேகமும் திசைவேகமும், ஒரே அலகில் நிற்கின்றன என்றால், அலகைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள் என்று நான் சொல்லிக்கொடுத்ததில் பாதி எங்கே போயிற்று?

வினாடியை எப்படிச் சதுரமாக்குவது?

முதலில் அலகுக்கு உரிய நியாயத்தைச் செய்துவிட வேண்டும், ஏனென்றால் அதன் அருமை எனக்குத் தெரியும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள், இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் எல்லாவற்றையும் மலாயில் சந்திக்கிறார்கள். வேகம் லாஜு ஆகிறது, முடுக்கம் பெச்சுத்தான் ஆகிறது. முடுக்கத்தின் அலகான மீ/வி² என்பதை "மீட்டர் பெர் சாஅத் குவாசா டுவா" என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பையன் என்னிடம், "டீச்சர், மீட்டரைச் சதுரமாக்கினால் நிலம், அது புரிகிறது. வினாடியை எப்படிச் சதுரமாக்குவது?" என்று கேட்டான். அவனை நான் இன்னும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். சதுர வினாடி என்று உலகத்தில் எதுவும் இல்லை. அது எழுதும் வசதிக்காக வந்த சுருக்கம். அன்று கரும்பலகையில் அந்த அலகைத் தமிழில் விரித்து எழுதினேன்: ஒவ்வொரு வினாடிக்கும், வினாடிக்கு இத்தனை மீட்டர். முதல் வினாடி, வேகம் எவ்வளவு நேரத்தில் மாறுகிறது என்பதற்கு. இரண்டாவது வினாடி, அந்த வேகத்துக்குள்ளேயே குடியிருப்பது. பையன் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரு வழக்கம். எந்த அலகையும் தமிழில் ஒரு வாக்கியமாக வாசித்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும். நம் மொழிக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. "வினாடிக்கு மூன்று மீட்டர்" என்னும்போது எதை வைத்து அளக்கிறோம் என்பது முதலில் வந்துவிடுகிறது. எவ்வளவு என்பது பின்னால் வருகிறது. "கிலோவுக்கு எட்டு வெள்ளி" என்று மீன்கடையில் கேட்கும் அதே வாக்கியம்தான். இப்படி வாசித்துப் பழகிய பிள்ளைக்கு மேலே சொன்ன நான்கு விடைகளும் நான்கு வெவ்வேறு பேச்சாகக் கேட்கும். மீட்டர் என்பது தூரம் மட்டும் பேசுகிறது. அதில் கடிகாரமே இல்லை. உந்தத்தின் அலகான கி.கி. மீ/வி என்பது வேகத்தோடு நிறையையும் சுமந்துகொண்டு வருகிறது. பினாங்குப் பாலத்தில் மணிக்கு 80 கிலோமீட்டரில் ஒரு லாரியும் ஒரு மோட்டார் சைக்கிளும் பக்கத்தில் பக்கத்தில் போனால் இரண்டின் வேகமும் வினாடிக்கு 22 மீட்டர்தான். 20,000 கிலோ லாரியின் உந்தமோ, ஆளோடு சேர்த்து 200 கிலோ வரும் மோட்டார் சைக்கிளைப்போல் நூறு மடங்கு. அந்தக் கிலோகிராமைக் கவனிக்காமல் விடுபவன் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுவான்.

ஒரு விஷயத்தை நான் வியந்துகொண்டே இருக்கிறேன். விசைக்கு நியூட்டன், ஆற்றலுக்கு ஜூல், திறனுக்கு வாட் என்று பலவற்றுக்கும் பெயர் வைத்த பன்னாட்டு அலகு முறையில், வேகத்துக்குத் தனிப்பெயர் இல்லை. அது எப்போதும் மீட்டரையும் வினாடியையும் கைப்பிடித்துக்கொண்டுதான் வருகிறது. கடலோடிகளிடம் மட்டும் நாட் என்ற பெயர் இருக்கிறது. மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். பெயருக்குள்ளேயே மணிநேரம் அடங்கியிருப்பதால்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். "மணிக்கு ஆறு நாட்" என்று செய்தியில்கூட வாசிக்கிறார்கள். அப்படிச் சொன்னால் மணிக்கு மணி வேகம் ஆறு நாட் கூடிக்கொண்டே போகிறது என்று பொருள். வேகத்தைச் சொல்ல வந்தவர் முடுக்கத்தைச் சொல்லிவிடுகிறார். ஒளியாண்டு இதற்கு நேர் எதிர். ஆண்டு என்ற பெயரோடு வருகிறது, ஆனால் அளப்பது தூரத்தை. பாலத்தில் நடக்கும் மாரத்தானுக்காகப் பயிற்சி எடுக்கும் என் அக்காள் மகன், "கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் ஓடுகிறேன்" என்கிறான். அது வேகத்தைத் தலைகீழாகப் பிடித்தது. எண் கூடக்கூட ஆள் மெதுவாகிறான். இவற்றையெல்லாம் அலகு காட்டிக்கொடுத்துவிடும். சமன்பாட்டில் கூட்டப்படும் உறுப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே பரிமாணம், அதாவது ஒரே வகை அலகு, இருந்தாக வேண்டும் என்ற எண்ணத்தை வெப்பத்தை ஆராய்ந்த ஃபூரியே 1822இல் எழுதிவைத்தார். இருநூறு ஆண்டுகளாகப் பிள்ளைகளின் பிழைகளை அதுதான் பிடித்துக்கொடுக்கிறது. முடுக்கத்தை நேரத்தால் பெருக்காமல் அப்படியே வேகத்தோடு கூட்டிவிடும் பிள்ளையிடம், "மீ/வியோடு மீ/வி² கூடுமா?" என்று கேட்டால் போதும், தானே அழித்துவிடும்.

ஆகவே அலகின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஓரக்குறிப்பு எழுதப்பட்ட அந்த நாளுக்கு இரண்டு வாரம் கழித்து ஒரு மழை வராமல் இருந்திருந்தால், இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன்.

மிலோ டின்

அக்டோபர், நவம்பரில் பினாங்கு மழை எப்படியிருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017 நவம்பர் 4ஆம் தேதி, வெள்ளம் வந்த அந்த இரவை மறந்தவர் இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. அந்த வியாழக்கிழமையும் வகுப்புத் தொடங்கிக் கால் மணிநேரத்தில் துத்தநாகக் கூரை அதிரத் தொடங்கிவிட்டது. நான் கத்தினால்தான் பிள்ளைகளுக்குக் கேட்கும் நிலை. ஒருவன் கைப்பேசியில் மழை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு, மணிக்கு 60 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் மிகக் கனத்த மழை என்று வடிகால், நீர்ப்பாசனத் துறை வகைப்படுத்தியிருப்பதை உரக்க வாசித்தான். பிறகு அவனே புருவத்தைச் சுருக்கினான். நான் பழக்கியபடி, அலகை வாக்கியமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறான்.

"டீச்சர், மணிக்கு அறுபது மில்லிமீட்டர் என்றால் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர். நத்தைகூட இதைவிட வேகமாகப் போகும். மழை அவ்வளவு மெதுவாகவா விழுகிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீளத்தை நேரத்தால் வகுத்த அலகு. திசைவேகத்தின் அலகு. பயிற்சி நூலின் விடைத்தாளை வைத்துத் திருத்தினால் மழையளவும் திசைவேகம்தான். வெளியே துளிகள் சிமெண்டுத் தரையில் அடித்துத் தெறிப்பதைப் பார்க்கிறோம். பெரிய மழைத்துளி வினாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வந்து விழும். அலகு ஒன்றுதான், ஆனால் ஒன்று நத்தையினும் மெதுவாக நகர்கிறது, இன்னொன்று பாய்கிறது. பதில் தெரியாமல் நான் நிற்கவில்லை; அதைச் சொல்வதை விடக் காட்டுவது நல்லது என்று தோன்றியது. சமையலறையிலிருந்து காலி மிலோ டின் ஒன்றையும், துணி ஊறவைக்கும் அகலமான பிளாஸ்டிக் வாளி ஒன்றையும் எடுத்துவரச் சொன்னேன். வாளியின் பக்கம் சாய்வாக இருந்ததால் அதை ஒதுக்கிவிட்டு, அதற்குப் பதிலாகப் பக்கம் நேராக நிற்கும் பழைய பிஸ்கட் டின்னைத் தேடிப் பிடித்தோம். இரண்டையும் கூரை நீர் ஒழுகாத இடமாகப் பார்த்து வாசலில் வைத்தோம். இருபது நிமிடம் கழித்துக் குடைபிடித்துக்கொண்டு போய் அடிக்கோலை இறக்கினார்கள். மிலோ டின்னில் பதினான்கு மில்லிமீட்டர். அதைப்போல் நான்கு மடங்கு வாய் அகன்ற பிஸ்கட் டின்னிலும் பதினான்கு மில்லிமீட்டர்.

அந்த அடிக்கோலில் நீர்க்கோடு நின்ற இடத்தைப் பார்த்தபோது எனக்கு என் அப்பா நினைவுக்கு வந்தார். புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவர் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தார். காலையில் அலுவலகம் திறந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, வாசலில் புல்வெளி நடுவே நிற்கும் செம்புக் குழாயைத் திறந்து, உள்ளே சேர்ந்த நீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கி வாசித்து, நீண்ட பேரேட்டில் எழுதுவதுதான். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒன்றேகால் அங்குலம், அரை அங்குலம் என்றுதான் எழுதுவார். மழைக்கு எதற்கு அங்குலம், ஆறு காலனோ ஏழு காலனோ என்று எழுத வேண்டாமா என்று ஒருமுறை கேட்டேன். "காலன் என்றால் குழாய் வாயைப் பொறுத்து மாறும் அம்மா. அங்குலம் என்றால் இந்தக் குழாய்க்கும் ஒன்றுதான், முந்நூறு ஏக்கர் தோட்டத்துக்கும் ஒன்றுதான்" என்றார். அப்போது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. விளங்காமலேயே மனத்தில் தங்கிவிட்ட அந்த வாக்கியம், இயற்பியலில் நான் கேட்ட முதல் பாடம் என்று இப்போது நினைக்கிறேன்.

பிள்ளைகளுக்கு அதைத்தான் விரித்துச் சொன்னேன். மழையை அளப்பவர் உண்மையில் கேட்பது, ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மணிநேரத்தில் எவ்வளவு நீர் விழுந்தது என்று. ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீர் நின்றால் அதன் உயரம் சரியாக ஒரு மில்லிமீட்டர். நீர் கன மீட்டரில், தரை சதுர மீட்டரில். மேலும் கீழும் அடித்துவிட்டால் மீட்டர் ஒன்றுதான் மிஞ்சுகிறது. அதை நேரத்தால் வகுத்ததும் வேகத்தின் அலகு வந்து நிற்கிறது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் நாம் அடித்த அந்த இரண்டு சதுர மீட்டர்களோடு தரையும் போயிற்று, தரையில் விழுந்த நீரும் போயிற்று. அலகைச் சுருக்கும்போது அதன் பிறப்புக் கதையும் சுருங்கிவிடுகிறது. மிச்சமிருப்பதை வைத்து ஆளைத் தெரிந்துகொள் என்றால் பிள்ளை என்ன செய்யும்?

அப்போது ஓரக்குறிப்பு எழுதியவள் சொன்னாள்: "அப்படியென்றால் அலகு 'இது இல்லை' என்று நிச்சயமாகச் சொல்லும் டீச்சர். 'இதுதான்' என்று நிச்சயமாகச் சொல்லாது." கூரைச் சத்தத்தில் அவளை இரண்டு முறை சொல்ல வைத்தேன், ஒரு முறை காதில் சரியாக விழாததால், இன்னொரு முறை மற்றவர்களும் கேட்க வேண்டும் என்பதால். இரண்டு வாரம் நான் தேடிக்கொண்டிருந்ததை ஒரு நான்காம் படிவப் பிள்ளை இரண்டு வாக்கியத்தில் வைத்துவிட்டாள். மீ/வி² என்று வந்தால் அது திசைவேகம் இல்லை, சந்தேகமே வேண்டாம். மீ/வி என்று வந்தால் திசைவேகமாக இருக்கலாம், வேகமாக இருக்கலாம், மழையாகவும் இருக்கலாம்.

யாருடைய வேகம்?

ஆனாலும் அங்கேயே நின்றுவிட எனக்கு மனமில்லை. ஏனென்றால் அலகு ஒருமுறை "இங்கே ஒரு வேகம் ஒளிந்திருக்கிறது" என்று தானாகச் சொல்லி, உலகத்தையே மாற்றியிருக்கிறது. 1856இல் வெபர், கோல்ராஷ் என்ற இரண்டு ஜெர்மானிய அறிஞர்கள் லைடன் ஜாடியில் மின்னூட்டத்தைச் சேமித்து அதை இரண்டு விதமாக அளந்தார்கள். நிற்கும் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும் விசையைக் கொண்டு ஒரு விதம், ஓடும் மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதைக் கொண்டு இன்னொரு விதம். இரண்டு முறைகளின் அலகுகளையும் வகுத்தால் மிஞ்சுவது நேரத்தால் வகுத்த நீளம், அதாவது ஒரு வேகம். அவர்களுடைய அளவீட்டிலிருந்து கிடைத்த எண் வினாடிக்கு ஏறத்தாழ 31 கோடி மீட்டர். அந்த அறையில் எதுவும் அவ்வளவு வேகமாக ஓடியதாக யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஜாடியும் ஊசியும் கம்பியும்தான் இருந்தன.

ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1849இல், ஃபிசோ என்ற பிரெஞ்சு அறிஞர் பற்சக்கரம் ஒன்றைச் சுழலவிட்டு ஒளியின் வேகத்தை அளந்திருந்தார். அதுவும் 31 கோடி மீட்டருக்குச் சற்று மேலே வந்திருந்தது. இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, ஒளி என்பதே மின்காந்த அலைதான் என்ற முடிவை நோக்கி 1862இல் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் நகர்ந்தார். இதை நடத்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் இந்த முறை, மிலோ டின் அனுபவத்துக்குப் பிறகு, வேறு ஒன்று கண்ணில் பட்டது. அங்கேயும் அலகு மட்டும் போதவில்லை. அலகு, இது ஒரு வேகம் என்று மட்டும் சொன்னது. யாருடைய வேகம் என்பதை எண்தான் சொன்னது. அந்த எண்ணை ஒளியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றிய மனிதர்தான் சொன்னார். இன்றைக்கு நிலைமை தலைகீழாகிவிட்டது. 1983 முதல் ஒளியின் வேகம் வினாடிக்கு 299,792,458 மீட்டர் என்று நிலைநிறுத்தப்பட்டு, அதிலிருந்துதான் மீட்டரே வரையறுக்கப்படுகிறது. நம் கையில் இருக்கும் அடிக்கோல் ஒரு வேகத்துக்குப் பிறந்த பிள்ளை.

ஆகவே மந்திரத்தை மாற்றிக்கொண்டேன். மீ/வி வந்ததும் பிள்ளைகள் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: எதனுடைய வேகம்? எந்தப் பக்கம்? மழை என்றால், தரையில் தேங்கும் நீர்மட்டத்தின் வேகம், மேல்நோக்கி. துளி என்றால், துளியின் வேகம், கீழ்நோக்கி. பாருங்கள், ஒரே மழையில் ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது.

எந்தப் பக்கம் என்பதை அலகுக்குள் எழுத வழியே இல்லை. கிழக்குக்கு ஒரு மீட்டர், மேற்குக்கு வேறு ஒரு மீட்டர் என்று கிடையாது. அந்தக் குறையை மொழிகள் நிரப்பிக்கொண்டன என்பதை அந்த வாரம்தான் முழுதாகக் கவனித்தேன். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் திசையும் வேகமும் சேர்ந்து திசைவேகம். மலாயிலும் ஹலா என்றால் திசை, லாஜு என்றால் வேகம். இரண்டும் சேர்ந்ததுதான் ஹலாஜு. கடலுக்கு இரண்டு கரையிலும் ஒரே சிந்தனை, ஒரே கட்டுமானம். நாள்தோறும் இரண்டு சொல்லையும் வாயில் போட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அது தெரியாமலேயே இருந்திருக்கிறது. இலங்கைத் தமிழில் வேகம் என்றாலே திசையோடு கூடியது. திசை வேண்டாதபோது அவர்கள் கதி என்கிறார்கள். யாழ்ப்பாணத்து நூலையும் சென்னை நூலையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பிள்ளை இந்த ஒரு சொல்லில் கவனமாக இருக்க வேண்டும்.

ஃபெரியில்

பள்ளி விடுமுறை தொடங்கிய சனிக்கிழமை, ஆறு பேரையும் பட்டர்வொர்த் துறைக்கு அழைத்துக்கொண்டு போனேன். கடலைக் கடக்கும் தூரம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். ஆளுக்கொரு நோட்டில் நான்கு கட்டங்கள் போட்டு வைத்திருந்தார்கள்: அளவு, எண், அலகு, திசை. ஃபெரி கரையை விட்டதும் ஒருவன் நேரத்தைத் தொடங்கினான். நடுக்கடலில் முகப்பு ஜார்ஜ்டவுன் துறையை நேரே பார்க்கவில்லை. சற்று வடக்கே திரும்பியிருந்தது. நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டிருந்தது. "முகம் ஒரு பக்கம், போவது ஒரு பக்கம்" என்று ஒருத்தி எழுதிக்கொண்டாள். இதைவிட நல்ல குறிப்பை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. பதினைந்து நிமிடத்தில் தீவைத் தொட்டோம். வினாடிக்கு 3.3 மீட்டர், வடமேற்கு. நாட் கணக்கில் சொன்னால் ஆறரை. "மணிக்கு" என்று தொடங்கிய பையன் தானே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

லிட்டில் இந்தியாவில் தோசை சாப்பிட்டுவிட்டு மாலை ஃபெரியில் திரும்பினோம். அதே பதினைந்து நிமிடம். இறங்கும் முன் முழுப் பயணத்துக்கும் கணக்குப் போடச் சொன்னேன். கடலில் கழிந்த அரை மணியில் ஆறு கிலோமீட்டர். சராசரி வேகம் வினாடிக்கு 3.3 மீட்டர் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். சராசரித் திசைவேகம் என்ற வரிசைக்கு வந்ததும் பேனாக்கள் நின்றன. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறோம். திசைவேகத்துக்குக் கணக்கில் வரும் இடப்பெயர்ச்சி இல்லை. ஓரக்குறிப்பு எழுதியவள் எண் கட்டத்தில் சுழியம் போட்டாள்.

"டீச்சர், சுழியத்துக்கும் அலகு எழுத வேண்டுமா?"

வேண்டும் என்றேன். சுழிய மீட்டர் வேறு, சுழியக் கிலோகிராம் வேறு. அவள் மீ/வி என்று எழுதினாள். பிறகு பேனாவை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தி, மேற்கே தீவையும் கிழக்கே துறையையும் மாறி மாறிப் பார்த்தாள். சங்கிலிக் கதவு திறந்து ஆட்கள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். திசைக் கட்டத்தை அவள் காலியாகவே விட்டு நோட்டை மூடினாள். இறங்கும்போது, அது சரிதானா என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தாள். சரி என்று தலையசைத்தேன்.